மூத்தாளின் படிக்கம்

"அந்த எச்சிப் படிக்கத்த ஓடையில வீசச் சொன்னேனா, உருக்கச் சொன்னேனா?"

ராசம்மா போட்ட சத்தத்தில் ஹட்டன் கடைவீதியின் பின்பக்கமே அரிசி புடைப்பதை நிறுத்திக் காது கொடுத்தது. அவள் புருஷன் சோலைமலை பித்தளை வார்ப்பவன். கொழும்புக் கம்பெனி ஒன்று, பிளாஸ்டிக்கை உருக்கி அழுத்திச் சீப்பு போடும் கைமெஷினைப் பட்டறையில் இறக்கிவிட்டு, அதற்குள் வைக்கும் அச்சை வார்த்துத் தரச் சொல்லியிருந்தது. அச்சுக்கு மாதிரியாக ஒரு மரச்சீப்பை வார்ப்பு மண்ணில் பதித்தாயிற்று. உருக்கிப் பார்த்தால் பித்தளை பத்தவில்லை. செத்துப்போன மூத்த சம்சாரம் அழகம்மா, வாயில் வெற்றிலை இல்லாமல் யாரும் பார்த்திராதவள், துப்பித் துப்பி நிறைத்த பித்தளைப் படிக்கம் மூலையில் கிடந்தது. அதையும் கழுவாமலே போட்டுவிட்டான்.

"ஒனக்குத்தான அருவருப்பு? இப்பத்தான் படிக்கமே இல்லையில்ல," என்றான். பெரிய சாமர்த்தியம்.

சமாதானத்துக்கு, அந்த அச்சில் போட்ட முதல் பிளாஸ்டிக் சீப்பை அவளிடமே கொடுத்தான். ராசம்மாவுக்கென்று இருந்த ஒரே பெருமை முழங்கால் தொடும் முடி. அதற்குப் புதுச் சீப்பு வேண்டாமென்று சொல்ல அவளால் முடியுமா?

மறுநாள் மத்தியானமே பனி இறங்கி ஜன்னலை அடைத்திருக்க, கூரைத் தகரத்திலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, கண்ணாடி முன் உட்கார்ந்தவளுக்குப் புகையிலையும் ஊசிப்போன எச்சிலும் கலந்த வாடை குப்பென்று அடித்தது. வெள்ளைச் சீப்பின் பல்லடி மட்டும் ரோஸ் நிறத்தில், ஈறுபோல, லேசாகப் பிசுபிசுத்தது. சாயம் என்று நினைத்துக்கொண்டாள். உச்சியில் வைத்து இழுத்தாள்.

வெதுவெதுப்பு.

ஈரம்.

மறுபடி இழுத்தாள். வரவில்லை. சிக்கு இல்லை. கவ்வியிருந்தது. பிறகு அசைந்தது, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், அவசரமே இல்லாமல், மென்றது. பிடரியில் சிவப்பாக வழிந்தது. தொட்டாள். ரத்தமில்லை. விரலில் பாக்குத் துணுக்கு.

சீப்பை முடியோடு சேர்த்துத்தான் வெட்டி எடுத்தார்கள்.

ஆவணியில் சோலைமலை வட்டவளை மீனம்மாவைக் கட்டிக்கொண்டான்; ஆம்பளைக்கு என்ன. ராசம்மா மஸ்கெலியாவில் அண்ணன் வீட்டோடு போய்விட்டாள். முடி வளர்ந்துச்சா என்று கேட்டால் தலைத்துணியை இறுக்கிக்கொள்வாளாம். காய்ச்சலில் கிடந்தபோது அண்ணி குளிப்பாட்ட அதை அவிழ்த்தாள். மண்டை முழுக்க ஈறு. அதில் காவி ஏறிய பற்கள், வகிடு எடுத்ததுபோல இரண்டு வரிசையாக. வெந்நீர் பட்டதும் அவை வாயைத் திறந்தன.