தலையில் சுமந்த மண்

புது வீட்டில் பால் பொங்கி வழிந்தது. ஆனாலும் வீடு பூராவும் சேற்று வாடை.

"புது மண்ணு அப்படித்தான் நாறும்" என்றான் கந்தப்பன்.

புருசன் சொன்னதை அழகம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறந்ததிலிருந்து வரிசை லயத்தின் ஒற்றை அறைக் காம்பிராவில் பக்கத்து வீட்டு இருமலைக் கேட்டுக்கொண்டே படுத்தவள். இப்போது நாலு சுவரும் அவளுக்கே. இந்த வீட்டுக்காக அவள் செய்ததை யாரிடமும் சொல்ல முடியாது.

வட்டவளைக்கு மேலே அந்தத் தேயிலைத் தோட்டத்தில் மழை பெய்யாத நாளை விரல்விட்டு எண்ணிவிடலாம். கரை தெரியாமல் கிடந்த சதுப்புக்கு ஆட்கள் வைத்த பேரே கடல்தான். ஐம்பத்தாறில் தொரை அதைத் தூர்த்து வீடு கட்டச் சொன்னார். ஆம்பளைகள் சரிவை வெட்ட, பொம்பளைகள் பழைய கொழுந்துக் கூடையில் மண்ணைச் சுமந்து கொட்டினார்கள். ஏழு மாசம். கொட்டக் கொட்டக் கடல் விழுங்கியது.

"இனி எங்கேருந்து வெட்டுறது?" என்று கங்காணி பழனியாண்டி தலையைச் சொறிந்தபோது கை நீட்டியவள் அழகம்மா.

"அந்தா, சவுக்கு மரத்துக்குக் கீழ."

அங்கேதான் ராசம்மா புதைந்து கிடந்தாள். கந்தப்பனுடைய மூத்த தாரம். ஒட்டுச்சுவர் இல்லாத வீடு ஒன்று வேணும் என்று ஏங்கியே செத்தவள். கல்லில்லை, பேரில்லை, ஒரு செவ்வந்திச் செடிதான் அடையாளம். வெள்ளிக்கிழமை தவறாமல் கந்தப்பன் அங்கே போய்க் குந்திவிட்டு வருவான். அன்றைக்கு அழகம்மா வைத்த குழம்பு அவனுக்கு இறங்காது. உயிரோடு இருக்கிற சக்களத்தி என்றால் மயிரைப் பிடித்து இழுக்கலாம். செத்தவளை என்ன செய்வது?

கங்காணிக்குக் கை காட்டுவதற்கு முதல் நாளே செடியைப் பிடுங்கி எறிந்துவிட்டாள். மறுநாள் கந்தப்பன் வேறு மலையில் தேயிலைக் கவ்வாத்து வெட்டப் போயிருந்தான். அந்தச் சரிவின் கடைசிக் கூடையை அவளே சுமந்தாள். கழுத்து முறிகிற கனம். சாயங்காலம் வெட்டுப்பட்ட சரிவில் கந்தப்பன் செவ்வந்தியைத் தேடி நடந்தான். அவன் முறைத்தது கங்காணியை.

புது வீட்டில் முதல் வெள்ளிக்கிழமை தரையைச் சாணி போட்டு மெழுகினாள். மத்தியானத்துக்குள் எல்லாம் காய்ந்தது.

நடுவில் ஓரிடம் மட்டும் காயவில்லை.

சாம்பல் போட்டாள். தணலைப் பரப்பினாள். சீறி அணைந்தது. ஈரம் நாளுக்கு நாள் நீண்டது. ஒரு குட்டைப் பொம்பளை ஒருக்களித்துப் படுத்த நீளம். கூடை சுமந்து சுமந்து ஒரு தோள் இறங்கிப்போனவளின் வடிவம்.

ராசம்மாவுக்கு இடது தோள் இறக்கம்.

கந்தப்பன் பாயை அந்த ஈரத்தின் ஓரமாகப் போட்டுக்கொண்டான். ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குத் தப்பு அடிக்கிற விடியலில் அவன் குரல் கேட்டு அழகம்மா கண் விழித்தாள்.

"குளிருதா புள்ள?"

இத்தனை வருசத்தில் அவளிடம் அவன் இப்படிக் கேட்டதில்லை. நெஞ்சு நிறைந்து, "இல்லீங்க" என்றாள்.

அவன் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அன்றைக்கு அழகம்மா காய்ச்சல் என்று வேலைக்குப் போகவில்லை. பட்டப்பகலிலேயே மூடுபனி கதவுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. மண்வெட்டியை எடுத்து ஈரத்தின் நடுவில் ஓங்கிப் போட்டாள். ஒரு முழம் தோண்டியதும் தண்ணீர் சுரந்தது. சேற்றில் வெள்ளை வெள்ளையாய்ச் செவ்வந்தி வேர். இழுத்தாள்.

அடியிலிருந்து ஏதோ திருப்பி இழுத்தது.

"எதுக்குத் தோண்டுற?"

வாசலில் கந்தப்பன். கோபமே இல்லாத முகம்.

"அவ தூங்கட்டும், அழகு. நீதான சொமந்து கொண்டாந்த."

"யாரு... யாரு சொன்னது?"

"அவதான். ஒம் மேல கோவமில்லையாம். கேட்ட வீடு கெடச்சிருச்சில்ல."

மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். மேட்டு லயத்தில், கூடக் கொழுந்து பறிக்கிற அம்மாக்கண்ணுவின் காம்பிராவில் மூன்று நாள் கிடந்தாள். கூப்பிட வருவான் என்று படியையே பார்த்தாள். வரவில்லை.

நாலாம் நாள் காலை பெரட்டுக்களத்தில் அம்மாக்கண்ணு இடித்தாள். "ஏன்டி, புருசனோட சண்டைன்னு எங்கிட்ட நடிக்கிறியா? விடிய முந்தி போயி அடுப்பு மூட்டிட்டு வந்திருக்கியே!"

அழகம்மா கீழே பார்த்தாள். கடலைத் தூர்த்த நிலத்தில், அவளுடைய கூரையிலிருந்து புகை.

கந்தப்பன் களத்தில்தான் நின்றான். பூட்டிய வீட்டின் சாவி அவன் கழுத்துக் கயிற்றில் தொங்கியது. கையிலிருந்த ரொட்டியில் இன்னும் ஆவி பறந்தது.

அவளைக் கண்டதும் பக்கத்தில் வந்து, ரொம்பப் பிரியமாகச் சொன்னான்.

"பகல்ல வந்து ஒஞ் சேலையெல்லாம் எடுத்துக்க, அழகு. அவளுக்கு எடம் பத்தலையாம்."

கீழே புகை சட்டென்று தடித்து எழுந்தது. யாரோ ஈர விறகை அடுப்புக்குள் தள்ளியது போல.