சிவப்பு மை, பச்சை மை, நீல மை

பிஸ்கட் தகரத்தில் பதினான்கு கசெட்டுகள்தான் இருக்க வேண்டும். நளீரா மூன்று தடவை எண்ணிவிட்டாள். மூன்று தடவையும் பதினைந்து.

எண்ணிக்கையில் ஏமாறுகிறவள் இல்லை அவள். புருஷன் தாஸிம் மவுத்தாகி, அடக்கம் செய்து எழுபது நாளாயிற்று. பதுளை பஸாரில் இருந்த அவனுடைய ரேடியோக் கடைச் சாமான்களைக் கொண்டுவந்து வீட்டில் இறக்கியபோது, இந்தத் தகரத்தில் கசெட்டுகளை வரிசையாக அடுக்கியவளே அவள்தான். அன்றைக்குப் பதினைந்து இருந்தன. போன கிழமை ஒன்றைத் தன் கையாலேயே வெளியே எடுத்தாள். மீதி பதினான்கு. இதற்கெல்லாம் கணக்கு வாத்தியாரா வேண்டும்?

அத்தனையும் ஒரே விளையாட்டு. குவைத்திலிருந்து நளீராவின் தம்பி ஸரூக் ஒரு கம்பியூட்டர் அனுப்பியிருந்தான், எழுத்துப் பொறித்த ரப்பர் கட்டைகள் வைத்த சின்னக் கறுப்புப் பெட்டி. அதை டிவியில் மாட்டி, ரெக்கோடரில் கசெட்டை ஓடவிட்டால், தகரத்தை ரம்பத்தால் அறுக்கிற மாதிரி ஐந்து நிமிடம் கத்தித் தீர்த்துவிட்டுத் திரையில் விளையாட்டு வரும். மகள் ஸைனபுக்காகத் தாஸிமே எழுதிய விளையாட்டு அது. பசறையிலிருந்து வளைந்து வளைந்து வரும் மலைப்பாதையில் ஒரு சின்ன ஆள் நடந்து பதுளையில் தன் வீட்டுக்கு வர வேண்டும், அவ்வளவுதான்.

எதையாவது மாற்றினால் ஒரு புதுக் கசெட். மாற்றங்களுக்கு அவன் வைத்திருந்த வகை மூன்று. சிவப்பு மையில் எழுதினால் சோதனை. பிழை இருக்கும், வெளியே கொடுக்கக் கூடாது, அதன் மேல் எதையும் பதியலாம். பச்சை மை என்றால் திருத்தம். ஒரு பிழை போயிற்று என்று அர்த்தம். நீல மை என்றால் வெளியீடு, எல்லாம் முடிந்தது. நீலம் எழுதியதும் கசெட்டின் முதுகில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் பல்லை உடைத்துவிட வேண்டும். உடைத்தால் ரெக்கோடரின் பதிவுப் பொத்தான் கீழே இறங்காது. அதற்குப் பிறகு ஒன்றையும் மாற்ற முடியாது.

நீல மையில் அவன் ஒன்றுகூட எழுதவில்லை. எந்தக் கசெட்டைப் போட்டாலும் ஏழாவது வளைவில் அந்த ஆள் பள்ளத்தில் விழுந்துவிடுவான். "அவன் விழாம வீடு வந்து சேரட்டும், அன்னைக்கி நீலத்தால எழுதுறேன்" என்று சிரிப்பான் தாஸிம். பிறகு ஒருநாள் பசறைப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு ரேடியோ திருத்தப் போனான். நானும் வாறேன் என்று ஸைனப் அழுது புரண்டாள். "அடுத்த தடவ கட்டாயம் கூட்டிட்டுப் போறேன், மகள்" என்று தலையைத் தடவிவிட்டுப் போனவன்தான். திரும்பி வரும்போது மழையில் மண்மேடு சரிந்தது. எத்தனையாவது வளைவு என்று நளீரா ஒருவரிடமும் கேட்கவில்லை. கேட்க அவளுக்குப் பயம்.

இப்போது கையில் இருப்பது சிவப்பு மையில், 'சோதனை 16'. அவனுடைய எழுத்துத்தான். திகதி, அவன் மவுத்தாகி நாற்பதாம் நாள் கத்தம் ஓதிய தினம். கசெட் பெட்டிக்குள் மடித்து வைத்த காகிதத்தில், வழக்கம்போல ஒற்றை வரி.

பிழை: ஆள் தனியாக வருகிறான்.

பக்கத்து வீட்டிலிருந்து பகல் சோறு கொண்டுவந்த ராத்தா ஸகீனா அதைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "அவரு உசிரோட இருக்கக்கொள்ளயே எழுதி வச்சிருப்பாரு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஒழுங்காச் சாப்பிடு, தங்கச்சி."

"திகதி, ராத்தா?"

"பிழையா எழுதியிருப்பாரு. இத்தாவுல இருக்கிறவ, அல்லாவ நெனச்சிக்கிட்டு இரு." அஸர் தொழுகைக்குப் பிறகு வருவதாகச் சொல்லிவிட்டு அவள் போனாள்.

நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து வாசல் தாண்டாமல் இருக்கிற காலம். அறுபது நாள் இன்னும் பாக்கி. வெளியே மழை விடுகிற மாதிரி இல்லை. மலையிலிருந்து இறங்கிய பனிமூட்டம் ஜன்னலில் வந்து ஒட்டிக்கொண்டு, பகல் மூன்று மணிக்கே வீட்டுக்குள் மஃரிபு நேரத்து அந்தி இருட்டு. ஈரச் சாக்கு நாற்றமும் எங்கிருந்தோ புது மண் வாசமும் வந்தன. பார்த்தால்தான் மனசு ஆறும் என்று நளீரா கசெட்டை ரெக்கோடரில் போட்டாள். அது கத்தத் தொடங்கியதும் ஸைனப் ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

முதல் வளைவு. மூன்றாவது. ஆறாவது. கட்டை ஒன்றையும் தொடாமலே ஆள் நடந்தான். ஏழாவது வளைவில் நின்றான். விழவில்லை. கடந்து வந்தான். பாலம், பஸார், பள்ளிவாசல், அவர்கள் வீடிருக்கும் சின்ன ஒழுங்கை. வீட்டுக் கேற்றடிக்கு வந்து நின்றுவிட்டான்.

"வாப்பா வந்துட்டாங்க!" ஸைனப் கைதட்டினாள்.

நளீரா பிள்ளையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். அப்போதுதான் போன கிழமை எடுத்த கசெட் நினைவுக்கு வந்தது. 'சோதனை 15'. குவைத்துக்குக் குரல் கடிதம் அனுப்ப வீட்டில் வெறுங் கசெட் இருக்கவில்லை. சிவப்புத்தானே, சிவப்பின் மேல் எதையும் பதியலாம் என்று தாஸிமே சொல்லியிருக்கிறானே என்று, அதன் மேல்தான் ஸைனபைப் பேச வைத்துப் பதிந்தாள். மாமாவுக்கு ஸலாம் சொன்ன பிள்ளை கடைசியில், "என்னையும் கூட்டிட்டுப் போங்க, நான் ரெடி" என்று சொல்லிச் சிரித்தது. பாவி நான், அவன் திருத்திக்கொண்டிருந்த விளையாட்டுக்குள் என் பிள்ளையை நானே வைத்துவிட்டேனா?

அலுமாரியைத் திறந்தாள். குவைத் விலாசம் எழுதிய உறைக்குள் கசெட் இருந்தது. சிவப்பு மை இல்லை. பச்சை.

திருத்தம் 15. ஆள் இருவர்.

திகதி இன்றைக்கு. மை விரலில் ஒட்டியது.

யோசிக்கவே இல்லை அவள். இரண்டு கசெட்டுகளின் நாடாவையும் உருவி, உள்ளங்கை வெட்டுப்பட, அடுப்பில் திணித்தாள். பிளாஸ்டிக் கருகும் புகை தொண்டையை அடைத்தது. முழுதும் உருகும்வரை நின்று பார்த்தாள். திரும்பி வந்து டிவி, கம்பியூட்டர், ரெக்கோடர் எல்லாவற்றையும் பிளக்கிலிருந்து பிடுங்கிப் போட்டாள். போதுமா? போதும். இனி என்ன இருக்கிறது?

"உம்மா" என்றாள் ஸைனப், ஜன்னலடியில் நின்று. "கேற்றடியில வாப்பா நனையிறாங்க."

"யாருமில்ல. இங்க வாங்க, மகள்."

"காலெல்லாம் மண்ணு, உம்மா. உள்ளுக்கு வரச் சொல்லுங்களேன்."

நளீரா ஜன்னலைப் பார்க்கவில்லை. பார்த்தால் தாங்க மாட்டாள். பிள்ளையை ராத்தா வீட்டுக்கு அனுப்பலாம். ஆனால் அங்கே போவதற்கும் அந்தக் கேற்றைத்தான் தாண்ட வேண்டும். வாசல் கதவுக்கு மேல் தாழ் போட்டாள். கீழ்த் தாழ் போட்டாள். பின்கதவுக்கும். தன் வெள்ளை முந்தானையைப் பிள்ளையின் மணிக்கட்டில் சுற்றி இரண்டு முடிச்சுப் போட்டு இறுக்கினாள்.

"நோவுது, உம்மா."

"கொஞ்ச நேரம், மகள். ஸகீனா பெரியும்மா வந்துருவாங்க." யாஸீன் ஓதத் தொடங்கினாள். மனப்பாடமான சூரா, நடுவில் நடுவில் அறுந்தது.

கூரையில் மழை நின்றது. ஒழுங்கையில் ஒரு சத்தமும் இல்லை. கேற்றுக் கொண்டி விழுகிற சத்தம் மட்டும், ஒரே ஒரு தடவை. பள்ளிவாசலில் அஸர் பாங்கு சொல்லவில்லை. இந்நேரம் சொல்லியிருக்க வேண்டும். மண் வாசம் கூடியது.

தகரம் மேசையில் இருந்தது. இரண்டை எரித்தாள். பதினான்கு இருக்க வேண்டும். பதினான்கு இருந்துவிட்டால் ஒன்றுமில்லை. ஒரு கையால் பிள்ளையின் கையைப் பிடித்தபடி மறு கையால் எண்ணினாள்.

பன்னிரண்டு. பதின்மூன்று. பதினான்கு.

பதினைந்து.

நீல மை. வெளியீடு 1. முதுகில் பல் உடைக்கப்பட்டிருந்தது. உடைந்த துண்டு தகரத்தின் அடியில் கிடந்தது. ஒற்றைக் கையால் காகிதத்தை விரித்தாள்.

பிழை: இல்லை.

பிடித்திருந்த கை லேசாயிற்று.

குனிந்து பார்த்தாள். முந்தானை. இரண்டு முடிச்சும் அவிழவில்லை. ஒரு சின்ன மணிக்கட்டின் அளவுக்கு வட்டம். உள்ளே கை இல்லை.

"ஸைனப்!"

மேல் தாழ் போட்டபடி இருந்தது. கீழ்த் தாழும். இரண்டையும் இழுத்துத் திறந்தாள். இத்தாவாவது ஒன்றாவது, வெறுங்காலோடு ஒழுங்கைக்கு ஓடினாள். மூட்டம். கேற்றிலிருந்து ஈரமண்ணில் பெரிய காலடிகள். பக்கத்தில் சின்னக் காலடிகள். பத்து எட்டு வரைக்கும். அதற்கப்புறம் மண்ணில் ஒன்றும் பதியவில்லை.

வீட்டுக்குள் வெளிச்சம்.

பிளக் தரையில் கிடக்க, டிவி எரிந்தது. பசறைப் பாதை. ஆறாவது வளைவைத் தாண்டி இரண்டு உருவங்கள், கைகோத்து, முதுகைக் காட்டி.

நளீரா நீலக் கசெட்டை ரெக்கோடருக்குள் அறைந்தாள். பதிவுப் பொத்தானை அமுக்கினாள். இறங்கவில்லை. கசெட்டை வெளியே எடுத்து, பல் உடைந்த ஓட்டையில் காகிதத்தைக் கிழித்துத் திணித்து, திரும்பப் போட்டு அமுக்கினாள். இறங்கவில்லை. இரண்டு கையாலும். முழங்கையால். "வா மகள், திரும்பி வா!" என்று ரெக்கோடரின் மைக்குத் துளைக்குள் கத்தினாள்.

ஏழாவது வளைவில் பெரிய உருவம் நின்றது. சின்னது அண்ணாந்து அதன் முகத்தைப் பார்த்தது. பிறகு இரண்டும் சேர்ந்து பாதையை விட்டுப் பள்ளத்துக்குள் காலை வைத்தன.

திரை மறுபடி முதல் வளைவுக்குப் போயிற்று. இரண்டு உருவங்கள் நடக்கத் தொடங்கின.