வாஷரைக் காணோம்

அந்தக் குடியிருப்பில் எல்லோரும் அவளைச் ‘சீஃப்’ என்றுதான் கூப்பிட்டார்கள். பட்டம் கொடுத்தது யார் என்று கேட்காதீர்கள். அவளேதான்.

சீஃபுக்குப் பதினோரு வயது. அவளிடம் ரிமோட்டில் ஓடும் பந்தயக் கார் ஒன்று இருந்தது. அவள் ஓட்டினால் அது சுவரைத் தேடிப் போய் முட்டும். அதனால் ஓட்டும் வேலை கீழ்வீட்டுப் பட்டாணிக்கு. பட்டாணிக்கு எட்டு வயதுதான். ஆனால் ரிமோட் அவள் கைக்கு வந்தால் கார் பூனை மாதிரி வளைந்து ஓடும்.

அன்று மாலை ஐந்து மணிக்குப் பக்கத்துக் குடியிருப்புப் பிள்ளைகளோடு பந்தயம். மூன்று மணிக்கே சீஃப் கார் நிறுத்துமிடத்தில் பழைய போர்வையை விரித்து மோட்டாரைக் கழற்றினாள். சுற்றிலும் ஆறு பிள்ளைகள். கூட்டத்தைப் பார்த்தால் சீஃபுக்குத் தொண்டை தானாகவே திறந்துகொள்ளும்.

“இது பிரஷ்லெஸ் மோட்டார். சாதா மோட்டார்ல உள்ளே பிரஷ்னு ஒண்ணு உரசி உரசித் தேயும். இதுல அது கிடையாது. ஆனா தூசி போனா இதுவும் போச்சு. நடுவுல சுத்துதே தண்டு, அது காந்தம். இரும்பு எது பக்கத்துல வந்தாலும் கவ்விக்கும். புரியுதா?”

“புரியுதுக்கா” என்றாள் பட்டாணி. கழற்றிய திருகுகளை ஒரு டப்பா மூடியில் வாங்கி வைத்துக்கொண்டிருந்தவள் அவள்தான்.

சீஃப் மெல்லிய துணியால் தூசியைத் துடைத்தாள். இரண்டு முனைகளிலும் இருந்த பேரிங்குகளில் தலா ஒரு சொட்டு எண்ணெய் விட்டாள். ஒரு சொட்டுக்கு மேல் ஏன் விடக்கூடாது என்று ஐந்து நிமிடம் பேசினாள். பிறகு பூட்டப் பார்த்தால், தண்டில் மாட்டும் மெல்லிய இரும்பு வளையமான வாஷரைக் காணோம்.

“எங்கடி அது?”

“அதை நீ என்கிட்ட குடுக்கவே இல்லையேக்கா.”

“குடுத்தேன். எனக்குத் தெரியாதா? மின்னுற சாமான் எதைப் பார்த்தாலும் உனக்குக் கை நீளும். பையைக் காட்டு.”

பட்டாணி கவுனின் இரண்டு பைகளையும் வெளியே இழுத்து உதறினாள். ஒரு மிட்டாய்க் காகிதமும் உடைந்த பென்சில் முனையும் விழுந்தன. யாரோ சிரித்தார்கள். பட்டாணி அழவில்லை. கண்ணை மட்டும் வேகவேகமாகச் சிமிட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

சீஃபும் சாமான்களை அள்ளிக்கொண்டு மாடிக்குப் போனாள். வாஷர் இல்லாமலே மோட்டாரைப் பூட்டி விரலால் சுற்றிப் பார்த்தாள்.

கர்ர்... கர்ர்...

மறுபடியும் பிரித்தாள். தண்டை இழுத்து வெளியே எடுத்துத் திருப்பினாள். அதன் மறுபக்கத்தில், சுவரில் ஒட்டிய பல்லி மாதிரி, எண்ணெய் பட்டுக் கறுத்த வாஷர் ஒட்டிக்கொண்டிருந்தது.

சீஃபுக்குக் காது சூடானது. அறையில் யாரும் இல்லை. இருந்தும் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். காந்தம் இரும்பைக் கவ்வும் என்று ஆறு பேருக்குப் பாடம் எடுத்தவள், தனக்குச் சொல்லிக்கொள்ள மறந்திருந்தாள்.

வாஷரை அதன் இடத்தில் மாட்டிப் பூட்டினாள். இப்போது சத்தமே இல்லை. மனதுக்குள்தான் கர்ர் கர்ர்.

‘போர்வை மடிப்புல கிடைச்சுதுன்னு சொல்லிட்டா?’ என்று யோசித்தாள். நல்ல யோசனை. யார் மேலும் தப்பில்லை, போர்வை மேல்தான் தப்பு. போர்வை எதிர்த்துப் பேசாது. கண்ணாடி முன் நின்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள்.

கதவு தட்டப்பட்டது. பட்டாணி. மூக்கு சிவந்திருந்தது. நீட்டிய உள்ளங்கையில் ஒரு குட்டி வாஷர்.

“என் சின்னக் கார் மோட்டாரைப் பிரிச்சு எடுத்தேன்க்கா. அளவு சரியா இருக்குமான்னு தெரியல. நான்தான் கை பட்டு எங்கயாவது தட்டி விட்டிருப்பேன். நீ தப்பா சொல்ல மாட்டியே.”

சீஃப் போர்வைக் கதையை அப்படியே விட்டுவிட்டாள்.

“நீ எடுக்கல, பட்டாணி. தட்டியும் விடல. காந்தத்துலயே ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. நான்தான் பாக்கல.”

பட்டாணி தன் கையிலிருந்த வாஷரைப் பார்த்தாள். பிறகு சீஃபைப் பார்த்தாள்.

“எல்லார் முன்னாடியும் பையைக் காட்டச் சொன்னியே?”

சீஃப் அந்தக் குட்டி வாஷரை விரலால் தொட்டாள். “உன் காரை நான் பூட்டித் தரேன்” என்றாள் மெதுவாக.

“வேணாம். எனக்கே தெரியும்.”

“சரி. என்கூடக் கீழே வர்றியா?”

கீழே பந்தயத்துக்காக இரண்டு குடியிருப்புப் பிள்ளைகளும் சேர்ந்து பதினைந்து பேர் இருந்தார்கள். சீஃப் காரைத் தரையில் வைத்தாள். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

“வாஷரைப் பட்டாணி எடுத்துட்டான்னு சொன்னேன். அவ எடுக்கல. மோட்டார் காந்தத்துல ஒட்டியிருந்துச்சு. பாக்காம பழி போட்டது நான்தான். மன்னிச்சுக்கோ, பட்டாணி.”

கொசு ரீங்காரம் அளவுக்குத்தான் குரல் வந்தது.

“இரும்பு எது வந்தாலும் கவ்விக்கும், புரியுதா?” என்று ஒருவன் அவளைப் போலவே பேசிக் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். சீஃப் தரையிலிருந்த எண்ணெய்க் கறையைப் பரீட்சைக்குப் படிப்பது போல உற்றுப் பார்த்தாள்.

பட்டாணி கையைக் கட்டிக்கொண்டாள்.

“பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேட்டிருக்காதுக்கா. இன்னொரு தடவை சொல்லு.”

சீஃப் மூச்சை இழுத்து, ஒரு சொல்லையும் விடாமல், முதலிலிருந்து சொன்னாள். எதிர்வீட்டு மாடியில் இரண்டு சன்னல்கள் திறந்தன.

“இப்போ கேட்டுச்சு” என்ற பட்டாணி, ரிமோட்டுக்காகக் கையை நீட்டினாள்.