பதில் கூவிய கௌதாரி

"இன்னைக்கு வெறுங்கையோட வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்!" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டுத்தான் காசிலிங்கம் விடியும் முன்பே கிளம்பினான். ஒரு கையில் கூண்டு, மறு கையில் கண்ணிக் கயிறுகள். பின்னாலேயே அவன் மச்சினி வெள்ளத்தாய்.

பிள்ளை பெற்றுக் கிடந்த அவள் அக்கா, காசிலிங்கத்தின் மனைவி மாடத்திக்குப் பால் சுரக்கவில்லை. பச்சைக் குழந்தை அழுது அழுது தொண்டை கட்டிப் போயிருந்தது. கௌதாரி ரசம் குடித்தால் பால் ஊறும் என்பது ஊர் நம்பிக்கை. மழை பொய்த்த வருஷத்தில் கௌதாரிக்கு எங்கே போவது?

கூண்டில் இருந்தது சின்னான்; குஞ்சிலிருந்து காசிலிங்கம் ஊட்டி வளர்த்த கௌதாரி. அது கூவினால் காட்டுக் கௌதாரி சண்டைக்கு ஓடி வரும். சுற்றிலும் கட்டிய கண்ணியில் கால் மாட்டும்.

வற்றிய கண்மாய்க்குள், கருவேல முள்காட்டில் கூண்டை வைத்தார்கள். சின்னான் கூவியது. தூரத்திலிருந்து பதில் வந்தது!

"கேட்டீங்களா மச்சான்!"

"சத்தம் போடாத புள்ள! வரட்டும்."

வரவில்லை. கூப்பிட்ட குரலுக்கெல்லாம் பதில் கொடுத்தது. இருந்த இடத்தை விட்டு மட்டும் அசையவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது.

"அது வராட்டி நாம போவோம்!" என்று காசிலிங்கம் கூண்டைத் தூக்கிக்கொண்டு முள்ளுக்குள் புகுந்தான். வெள்ளத்தாய் தவழ்ந்தே போனாள். சேலை கிழிந்தது, முழங்கையில் ரத்தம் கசிந்தது. குரல் நெருங்கியது. இதோ, கைக்கெட்டும் தூரம்! புதரை விலக்கினாள்.

அங்கே இன்னொரு கூண்டு. அதற்குள் ஒரு கௌதாரி. பக்கத்தில், கண்ணிக் கயிற்றோடு பக்கத்து ஊர்க்காரர் ஒருவர்.

"அடக் கொடுமையே! உங்க பறவையா அது?" என்று தலையில் கை வைத்தார் அவர். "காலையில இருந்து அதை நம்பித்தான் காத்துக் கெடக்கேன்."

யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

திரும்பும் வழியில் காசிலிங்கம் தோள்துண்டை எடுத்துக் கூண்டை மூடினான். வெள்ளத்தாய் கூண்டை எட்டிப் பிடித்தாள்.

"வேண்டாம் மச்சான்."

"வேற என்ன செய்யச் சொல்ற?"

அவள் பிடியை விட்டாள்.

ரசத்தின் வாசனை வந்ததும், "கெடச்சிருச்சா!" என்று வீட்டில் மாடத்தி முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் காசிலிங்கத்தை மெச்சித் தள்ளினார்கள். மாடத்தி ரசத்தைச் சொட்டு விடாமல் குடித்தாள். பொழுது சாயும்போது குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அவள் மார்பில் உறிஞ்சிக்கொண்டிருந்தது.

"பொழுது அடையப் போகுதே, சின்னான் ஏன் இன்னும் கூவல?" என்று கேட்டாள்.

காசிலிங்கம் விருட்டென்று எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டான். வெள்ளத்தாய் குழந்தையின் தலையைத் தடவினாள்.

"வெயில்ல அலைஞ்ச அலுப்புக்கா. தூங்குது. நீ பாலைக் குடு."