பன்னிரண்டாம் பக்கம்

அவளை எல்லோரும் ஓட்டைவாய் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு கதையைப் படித்தாளோ இல்லையோ, அதன் முடிவைத் தெருவுக்கே சொல்லிவிடுவாள். பாவம், அவள் வாயில் எதுவும் தங்காது.

கோடை விடுமுறைக்கென்று நூலகத்தில் புதுக் கதைகள் வந்து இறங்கின. நூலகர் அக்கா கறாராகச் சொன்னார். "உங்களுக்குப் பிடிச்ச புத்தகத்தை மத்த பிள்ளைங்களுக்குச் சொல்லுங்க. முடிவை மட்டும் யாராவது சொன்னீங்க, தெரியும் சேதி!"

சொல்லும்போது ஓட்டைவாயை மட்டுமே பார்த்தார்.

இந்த முறை எல்லோரும் சுருட்டைக்குத்தான் புத்தகம் தேடினார்கள். சுருட்டை, ஓட்டைவாயின் உயிர்த்தோழி. போன மாதம் அவளுடைய அம்மா காய்ச்சலில் இறந்துபோனார். அதிலிருந்து அவள் யாரோடும் பேசுவதில்லை. அப்பா வேலைக்குப் போகும்போது அவளை நூலகத்தில் விட்டுவிட்டுப் போவார். நாள் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள்.

"இதைப் படி, வயிறு வலிக்கச் சிரிப்ப" என்று ஆளுக்கொரு வேடிக்கைக் கதையைக் கொடுத்தார்கள். எல்லாமே மறுநாள் திரும்பி வந்தன. ஓட்டைவாய் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். அடையாள நாடா இரண்டாம் பக்கத்தைத் தாண்டவே இல்லை.

"ஏன்டி படிக்கல?"

சுருட்டை ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்.

"எல்லாக் கதையிலயும் அம்மா சாப்பிடக் கூப்பிடுறாங்க."

ஓட்டைவாய் எழுந்தாள். நேரே நூலகரிடம் போனாள்.

"அக்கா, முதல் நாள் நான் படிச்சேனே, கறுப்பு அட்டைப் புத்தகம், அது எங்க?"

"எடுத்து உள்ள வச்சுட்டேன். அதுல அம்மா இறந்துடுறாங்க. வெந்த புண்ணுல வேல் பாய்ச்சணுமா?"

"நாம ஒளிச்சு வச்சா அவளுக்கு மறந்துடுமா அக்கா?"

அக்கா மேசை இழுப்பறையை மெல்லத் திறந்து அந்தப் புத்தகத்தை எடுத்தார்.

ஓட்டைவாய் புத்தகத்தைச் சுருட்டையின் மடியில் வைத்தாள். "முன்னாடியே சொல்லிடுறேன். பன்னிரண்டாம் பக்கத்துல அந்தப் பொண்ணோட அம்மா செத்துடுறாங்க. திரும்பி வரவே மாட்டாங்க. கனவுலகூட வரமாட்டாங்க."

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். சுருட்டையின் முகம் வெளுத்துப்போனது.

"அப்புறம் அவ என்ன பண்றா?"

"அழறா. அப்பாகிட்ட கத்துறா. தலைகூட வாராம ஸ்கூலுக்குப் போறா."

"அம்மாவே போயிட்டாங்க. அதுக்கப்புறம் என்ன கதை இருக்கும்?"

"இன்னும் நூத்தி நாப்பது பக்கம் இருக்குடி!"

சுருட்டை புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு பையில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. ஓட்டைவாய்க்குச் சோறே இறங்கவில்லை. 'தப்புப் பண்ணிட்டோமோ' என்று தவித்தாள்.

மூன்றாம் நாள் சுருட்டை வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. நாடா புத்தகத்தின் நடுவில் கிடந்தது.

"இன்னும் முடிக்கல அக்கா. இன்னொரு வாரம் வேணும்" என்றாள். பிறகு ஓட்டைவாயின் பக்கம் திரும்பி விரலை நீட்டினாள். "நீ மிச்சத்தைச் சொல்லித் தொலைக்காத. நானே படிச்சுக்கிறேன்."

ஓட்டைவாய் இரண்டு கைகளாலும் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டாள்.