பதினைந்தாம் ஆணி

மதியச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் ஆகியும் சின்னவளின் தலைமுடி காயவில்லை.

பால்கனியில் வெயில் தகித்துக்கொண்டிருந்தது. கம்பியில் பெரியவள் போட்டிருந்த நீச்சலுடை மொறமொறவென்று காய்ந்து உப்புப் பூத்து நின்றது. ஆனால் பிளாஸ்டிக் நாற்காலியில் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்த சின்னவளின் முடிநுனியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்கி, நாற்காலிக்கடியில் தேங்கி, தள்ளுகதவின் தடம் வரைக்கும் ஓடியிருந்தது. தலை துவட்டவும் ஒருத்தர் சொல்லிக்கொடுக்க வேண்டுமா என்றுதான் பெரியவளுக்கு முதலில் தோன்றியது.

சின்னவள், பெரியவளுடைய கொழுந்தனின் மனைவி. கல்யாணமாகி எட்டு மாதம். சிரித்தால் வாயைப் பொத்திக்கொள்வாள், லிஃப்டுக்குள் நுழையும்போது யாரும் இல்லாவிட்டாலும் ஒதுங்கி நிற்பாள், ஓட்டலில் வைத்திருந்த குட்டி சோப்புகளை யாரும் பார்க்காத நேரத்தில் பைக்குள் போட்டுக்கொள்வாள். இந்தப் பெண் நம் வீட்டுக்கு வந்தாளே என்று பெரியவள் நினைக்காத நாளில்லை. பெரியவள் ஒரு பள்ளியின் துணைத் தலைமை ஆசிரியை. அவளுடைய செருப்புச் சத்தம் கேட்டால் நானூறு பிள்ளைகள் வாயை மூடுவார்கள். அப்படிப்பட்டவளை, கண்ணைக் குத்தும் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டை மாட்டச் சொல்லி, காற்றடைத்த ரப்பர் படகில் வரிசையாக உட்காரவைத்து, நாற்பதைத் தாண்டிய ஆண்கள் ஓவென்று கத்துவதைக் கேட்க வைத்த விடுமுறை இது. அதிகமாகக் கத்தியது அவளுடைய கணவன்தான். ஜாக்கெட்டின் பக்கிள் அவர் வயிற்றைச் சுற்றி வரவில்லை.

அன்று காலையில் ஆண்கள் இருவரும் மறுபடி ரப்பர் படகுக்குப் போய்விட, பெண்கள் இருவரும் மிதவை மேடைக்குப் போவதாக ஏற்பாடு. கரையிலிருந்து அரைக் கிலோமீட்டர் தள்ளி நங்கூரம் போட்டு நிறுத்திய மரமேடை அது. அங்கே இறங்கி, கண்ணாடி முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு மிதந்தபடியே அடியில் மீன் பார்க்கலாம். கொண்டுபோய் விடுவதும் கூட்டிவருவதும் படகுக்காரர் வேலை.

அவருடைய கொட்டகைச் சுவரில் ஒரு பலகை இருந்தது. நாற்பது ஆணி, நாற்பது தகர டோக்கன், ஒவ்வொன்றிலும் ஒரு எண். கடலுக்குப் போகிறவர் ஒன்றை எடுத்து மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும், திரும்பி வந்ததும் அதே ஆணியில் மாட்ட வேண்டும்.

"எடுத்தவங்க கையாலதான் திருப்பி மாட்டணும் மேடம்" என்றார் படகுக்காரர். "பலகை நெறஞ்சுதுன்னா நான் படகைக் கட்டிடுவேன். பலகை நெறஞ்சிருந்தா கரையில ஆளும் நெறஞ்சிருக்கணும். அதுதான் இங்க கணக்கு."

வருகைப் பதிவைப் பற்றி எனக்கே பாடமா என்று பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது. ஈ ஓட்டுவது போல மணிக்கட்டை ஒரு உதறு உதறினாள். அது அவளுடைய வழக்கம். பள்ளியில் பிள்ளைகள் அதை ஒளிந்திருந்து நடித்துக் காட்டுவார்கள் என்று அவளுக்கே தெரியும்.

அவள் எடுத்தது பதினான்கு. சின்னவளுக்குப் பதினைந்து. மேடையில் இறங்கியதும் சின்னவளின் ஒல்லிக் கையிலிருந்து டோக்கன் நழுவி நழுவி விழுந்தது. தொலைத்துவிட்டு நிற்பாய், கொடு என்று பெரியவள் அதை வாங்கித் தன் கையில் மாட்டிக்கொண்டாள். அரை மணியில் அவளுக்குச் சலித்துவிட்டது. படகு கிளம்பும்போது சின்னவள் மேடைக்கு அந்தப் பக்கம் முகத்தைத் தண்ணீருக்குள் விட்டு மிதந்துகொண்டிருந்தாள். ஆரஞ்சு முதுகு மட்டும் தெரிந்தது. படகும் நிறைந்திருந்தது, அடுத்த நடையில் வரட்டும் என்று பெரியவள் கூப்பிடவில்லை.

கரையில் மணல் காலைச் சுட்டது. படகுக்காரர் கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பெரியவள் பதினான்கை மாட்டினாள். கையில் பதினைந்து மிச்சமிருந்தது. அவளுக்காக இந்த வெயிலில் காத்து நிற்பதா? அதையும் மாட்டிவிட்டு அறைக்கு நடந்தாள்.

அறைக்கு வந்தால், சின்னவள் ஏற்கெனவே பால்கனியில் உட்கார்ந்திருந்தாள். வேறு ஏதோ படகில் முந்திக்கொண்டு வந்திருக்கிறாள், ஒரு வார்த்தை சொன்னாளா என்று பெரியவளுக்கு எரிச்சல்தான் வந்தது.

அந்த எரிச்சலில் பலவற்றைக் கவனிக்காமல் விட்டிருந்தாள். இப்போது ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. சாப்பாட்டு மேசையில் சின்னவள் ஒரு வார்த்தை பேசவில்லை. சோற்றில் உப்பைப் போட்டாள், பிசைந்தாள், மறுபடியும் போட்டாள், டப்பா காலியாகும் வரை போட்டாள். கொழுந்தன் மட்டும் பூரித்துப்போய், கடல் காற்று இவளுக்கு ஒத்துக்கொண்டது அண்ணி, இன்றைக்குத்தான் பயமில்லாமல் நிமிர்ந்து உட்காருகிறாள் என்றான். பால்கனிக் கதவு திறக்கும்போதெல்லாம் ஒரு வாடை உள்ளே வந்தது. நாள்பட்ட படகின் அடிப்பக்கத்து வாடை, பாசியும் துருவும் கலந்தது.

முகம் கழுவப் போனாள் பெரியவள். கண்ணாடியில் நெற்றியிலிருந்து கன்னம் வழியாக மேலுதடு வரை முகமூடி அழுத்திய சிவந்த வளையம் இன்னும் போகவில்லை. அரை மணி போட்டதற்கே இந்தத் தழும்பு.

வெளியே வந்து சின்னவளின் முகத்தைப் பார்த்தாள். வளையம் இல்லை. வழவழவென்று, ஒரு கோடு இல்லாமல், ஊறிய காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. அந்தக் கண்கள் அவளைப் பார்த்தன. அதட்டினால் தலை குனியும் பெண். குனியவில்லை. இமைக்கவும் இல்லை.

பெரியவள் கட்டிலில் படுத்திருந்த கணவனிடம் போய், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, மேடையிலிருந்து இரண்டாவது நடை எத்தனை மணிக்கு வந்தது என்று கேட்டாள்.

"ரெண்டாவது நடையா? அதெல்லாம் போகவே இல்லையே. பலகை நெறஞ்சிருச்சுன்னு அப்பவே படகைக் கட்டிட்டு அவரு சாப்பிடப் போயிட்டாரு."

அவள் திரும்பி வந்து பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மிதவை மேடை கடலில் ஒரு தீப்பெட்டி அளவு தெரிந்தது. அதன் மேல் ஒரு ஆரஞ்சுப் புள்ளி. யாரோ மறந்து விட்டுவந்த ஜாக்கெட் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். புள்ளி எழுந்து நின்றது. மறுபடி உட்கார்ந்தது.

பக்கத்தில் சொட்டும் சத்தம் நின்றது.

"எல்லாரும் வந்தாச்சே அக்கா" என்றது சின்னவளின் குரல். "யாரப் பாக்குறீங்க?"

பெரியவள் செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் படியிறங்கினாள். நடக்கும்போதே கணக்குப் போட்டாள். சொன்னால், யார் மாட்டியது என்று கேட்பார்கள். கொழுந்தன் கேட்பான். அவன் முகத்தைப் பார்த்து நான்தான் என்று சொல்ல வேண்டும். வராத பிள்ளைக்கு வருகை சொன்னதற்காக எத்தனை பேரை வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருக்கிறாள். வேண்டாம். சத்தமில்லாமல் போய்க் கூட்டிவந்துவிட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. பால்கனியில் இருப்பது என்ன என்பதை அவள் யோசிக்கவில்லை. யோசிக்கக் கூடாது.

கொட்டகையில் ஆள் இல்லை. பலகை நிறைந்திருந்தது. பதினைந்தாம் டோக்கனிலிருந்து மட்டும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதை எடுக்கக் கை நீட்டினாள். ஆணி காலியாக இருந்தால் படகுக்காரர் கேள்வி கேட்பார். கையை இழுத்துக்கொண்டாள். நேற்று ஓட்டிப் பழகிய துடுப்புப் படகு ஒன்று மணலில் கிடந்தது. தள்ளினாள்.

வெயில் சாய்ந்துவிட்டது. தண்ணீர் கறுத்துக்கொண்டு வந்தது. கை வலித்தது. கரை பின்னால் போனது. மேடையின் ஏணியில் கயிற்றைச் சுற்றிவிட்டு ஏறினாள்.

சின்னவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. முகத்தில் சிவந்த வளையம், அழுத்தமாக. பல் கிட்டித்தது. உயிரோடு இருந்தாள்.

பெரியவள் முதல்முறையாக அவளைக் கட்டிக்கொண்டாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். சின்னவள் அதைக் கேட்கும் நிலையில் இல்லை. அவள் பெரியவளின் கையைப் பிடித்துத் திருப்பி, மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தாள். வலது கை. பிறகு இடது கை.

"அக்கா" என்றாள். "உங்க டோக்கன எடுத்துட்டுத்தான வந்தீங்க?"

பெரியவள் கைகளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"நான் மத்தியானத்துலேருந்து கத்துறேன். அங்க என் நாற்காலியில ஒருத்தி உக்காந்திருக்கா. அவளப் பாத்துட்டு என்னப் பாக்கவே மாட்டேங்குறாங்க."

கீழே ஏணியில் ஏதோ உரசியது. கயிறு அவிழ்ந்திருந்தது. துடுப்புப் படகு பத்தடி தள்ளிப் போயிருந்தது. இருபதடி.

கரையில் படகுக்காரர் வந்தார். பலகை முன் நின்றார். ஒரு நிமிடம். இருவரும் கத்தினார்கள். சின்னவளின் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றிச் சுழற்றினார்கள். அவர் கொட்டகைக் கதவைச் சாத்தினார். போனார்.

ஓட்டலில் விளக்குகள் எரிந்தன. மூன்றாம் மாடி. அவர்கள் பால்கனி. மூன்று பேர் நின்றார்கள். கணவன். கொழுந்தன். ஈரத் தலையோடு ஒருத்தி.

உள்ளே கதவு நகர்ந்தது.

நான்காவது ஆள் வந்தாள். பெரியவளின் உயரம். பெரியவளின் நடை. முடி முதுகில் ஒட்டியிருந்தது. கணவன் திரும்பினார். ஓடினார். துண்டோடு வந்தார். கேட்காமல் ஒரு தம்ளர் தண்ணீர் எடுத்து வராத மனிதர். எடுத்து வந்தால் பெரியவள் அதில் ஒரு குற்றம் கண்டுபிடிப்பாள். வந்தவளின் தோளில் துண்டைப் போர்த்தினார். அவள் போர்த்தவிட்டாள்.

கொழுந்தன் கடலைக் காட்டினான். மேடையைத்தான் காட்டினான். பார்த்துவிட்டான். என்னவோ கேட்டான்.

நான்காவது ஆள் கம்பியருகே வந்தாள். அவர்கள் இருந்த திசையைப் பார்த்தாள்.

ஈ ஓட்டுவது போல மணிக்கட்டை ஒரு உதறு உதறினாள்.

நால்வரும் உள்ளே போனார்கள். திரை மூடியது.