டீக்கடையில் முளைத்த மீசை

விவசாயி திருப்பதி, கிணற்றடியில் வெட்டுப்பட்டுச் செத்து ஆறு மாதம் ஆகிவிட்டது.

வீரய்யாவின் வாயில் மட்டும் இன்னும் செத்துக்கொண்டே இருந்தார்...

1958. கீரமங்கலத்துக்குக் கிழக்கே ஒரு போலீஸ் ஸ்டேஷன்.

கொலையின் ஒரே சாட்சி வீரய்யா பெஞ்சில் மாப்பிள்ளை முறுக்கோடு உட்கார்ந்திருந்தார். டீக்கடையில் இருநூறு தடவை சொன்ன கதை. சொல்லச் சொல்ல வளர்ந்தது. கார்த்திகையில் ஓடியவன் 'எவனோ'. தை பிறந்ததும் 'நெட்டையன்'. மாசியில் கையில் அரிவாள் வந்தது. சித்திரையில் பெயரே வந்துவிட்டது... ஆண்டியப்பன்!

கிணற்றுத் தண்ணீர் முறைக்காகத் திருப்பதியோடு கட்டிப் புரண்ட பங்காளி. போதாதா? புது இன்ஸ்பெக்டர் ஆவுடையப்பன் அவனைத் தூக்கி லாக்கப்பில் போட்டார். நிரூபணமானால் தூக்கு.

"நல்லா நெனச்சுச் சொல்லும்."

"நெனைக்க என்னங்க இருக்கு? கண்ணை மூடுனா முன்னால நிக்கிறான். பரட்டைத் தலை. முறுக்கு மீசை. மீசையில ஒரு சொட்டு ரத்தம்..."

அந்தச் சொட்டு இன்று காலைதான் சேர்ந்தது. ஆனாலும் வீரய்யா பொய் சொல்லவில்லை. பொய்யனுக்கு உண்மை எது என்றாவது தெரியும். இந்த மனுஷனுக்கு அதுவும் போயிருந்தது.

வாசலில் நிழல் ஆடியது.

ஆண்டியப்பனின் மனைவி மூக்காயி. பின்னால் ஊர் நாவிதர் ராக்கன்.

"ஐயா, கொலை விழுந்த அன்னிக்கு எங்க மாமனாருக்குக் கருமாதிங்க. காலையிலேயே கொளத்தங்கரையில இவுகளுக்குத் தலையும் மீசையும் மழிச்சாச்சு. மத்தியானம் கொலை நடக்குறப்ப பரட்டை எங்கிட்டிருந்து வந்துச்சு? இந்த அண்ணனும் எங்க பந்தியில சாப்பிட்டவருதான்."

வீரய்யா விழித்தார். பாயசம் நினைவுக்கு வந்தது. மொட்டை வரவில்லை.

வேறு எவனுக்கோ மழித்துவிட்டு மாற்றிச் சொல்கிறாயா என்று இன்ஸ்பெக்டர் ராக்கனை அதட்டினார்.

"இல்லீங்க. அந்த மாசம் சுத்துப்பட்டுல வேற யாருக்கும் நான் தலை மழிக்கலை. மொட்டைன்னா அன்னிக்கு இவுக ஒருத்தவுகதான்."

மூக்காயி சிரித்தாள். கம்பிக்குப் பின்னால் ஆண்டியப்பன் மீசையை முறுக்கினான்.

கேஸ் போச்சு!

ஆவுடையப்பன் வீரய்யாவைக் கரப்பான்பூச்சியைப் போலப் பார்த்தார். இந்த ஆள் முதலில் என்னதான் உளறினான் என்று பழைய ஃபைலை எடுக்கச் சொன்னார். கொலை நடந்த அன்றே எழுதிய வாக்குமூலம். 'யாரோ பழனிக்குப் போய்வந்த வெளியூரான்' என்று குறித்து மூடியிருந்தார் முந்தைய இன்ஸ்பெக்டர். அதைப் பிரித்துப் பார்க்க ஆவுடையப்பனுக்கும் இதுவரை உடம்பு வணங்கவில்லை. அவ்வளவு சுறுசுறுப்பு!

ஏட்டு அடைக்கலம் தூசி தட்டிப் படித்தார்.

"'முதுகைத்தான் பார்த்தேன். முகம் தெரியவில்லை. புதிதாக மழித்த மொட்டைத் தலை... வெயிலில் பளபளத்தது...'"

அடைக்கலம் ஃபைலிலிருந்து தலையைத் தூக்கி லாக்கப்பைப் பார்த்தார்.

"நானா சொன்னேன்? இருக்காதுங்க," என்றார் வீரய்யா. "அவனுக்கு மீசை உண்டு."

ஆண்டியப்பனின் கை மீசையை விட்டு, தானாகத் தலைக்குப் போனது. மூக்காயி சுவரைப் பிடித்துக்கொண்டாள். காப்பாற்ற வந்தவளே கயிற்றைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள்.

இன்ஸ்பெக்டர் எழுந்துபோய் நாவிதரின் தோளில் அன்பாகக் கை வைத்தார்.

"ராக்கா, கோர்ட்லயும் இதையே சொல்லு. அதுவரைக்கும் டீக்கடைப் பக்கம் மட்டும் போயிறாதே!"